அரை ஷட்டர்

தெருவைச் சீர்படுத்தப் போகிறோம் என்று மாநகராட்சி ஆட்கள் வந்து நின்றபோது வேண்டாம் என்று சொன்னவர் ஒருத்தர்கூட இல்லை. எப்படிச் சொல்வார்கள்? ஊருக்கு வெளியே அந்தப் பெரிய மால் வந்ததிலிருந்து கடையில் உட்கார்ந்து ஈ ஓட்டிக்கொண்டிருந்தவர்கள் ஆயிற்றே. கல் பதிக்கிறோம், சாக்கடையை மூடுகிறோம், மரம் வைக்கிறோம், நடக்கிறவர்கள் உட்கார பெஞ்சு போடுகிறோம், வண்டி உள்ளே வராமல் முனையில் கம்பம் நடுகிறோம் என்று படம் வரைந்து காட்டினார்கள். படத்தில் தெரு முழுக்க ஆட்கள், பிள்ளைகள், ஒரு நாய்கூட இருந்தது. எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள், நாய் உட்பட.

சும்மா சொல்லக் கூடாது, சொன்ன தேதியில் முடிக்கவில்லையே தவிர சொன்னதையெல்லாம் செய்தார்கள். ஆனால் அந்த வேலை நடந்த காலம் இருக்கிறதே, அதைக் கடைக்காரர்கள் ஆயுசுக்கும் மறக்க மாட்டார்கள். கல் அறுக்கிற மெஷின் காலையில் கத்த ஆரம்பித்தால் பொழுது சாய்ந்துதான் வாயை மூடும். வெயிலும் காற்றுமாகச் சேர்ந்து கல்மாவை அள்ளிக்கொண்டு கடைக்குள் கொட்டும். டீயில் மாவு, சோற்றில் மாவு, கண் இமையில் மாவு. கடைசியில் வியாபாரிகள் சங்கம் கூடித் தீர்மானம் போட்டது: எல்லாரும் ஷட்டரைப் பாதிக்கு இறக்கிவிடுவது, வருகிறவர்கள் குனிந்து வரட்டும்.

அப்படித்தான் எல்லா ஷட்டரும் இறங்கின. வேலை முடிந்தது, மெஷின் போனது, மரம் துளிர்த்தது, ரிப்பன் வெட்டினார்கள். இறக்கச் சொல்லித் தீர்மானம் போட்டவர்கள் ஏற்றச் சொல்லித் தீர்மானம் போடவில்லை. யாருக்கும் அது தோன்றக்கூட இல்லை. குனிந்து குனிந்து பழகிப்போன முதுகுக்கு அதுதான் வாசலின் உயரம் என்று ஆகிவிட்டது.

தெருவின் நடுவில் இருந்தது பொத்தானக்காவின் கடை. தையல் சாமான் கடை. நூல்கண்டு, ஜிப், லேஸ், எலாஸ்டிக், ஊசி, கொக்கி எல்லாம் உண்டு என்றாலும் பேர் வாங்கிக் கொடுத்தது பொத்தான்தான். மூன்று சுவரும் தரையிலிருந்து உத்தரம் வரைக்கும் சின்னச் சின்ன அட்டைப்பெட்டிகள். ஒவ்வொரு பெட்டியின் முகத்திலும் உள்ளே இருக்கிற பொத்தானில் ஒன்றைத் தைத்து வைத்திருப்பார்கள். வருகிறவர்கள் பேர் தெரியாமல் தவிக்க வேண்டாம், விரலை நீட்டினால் போதும். அக்காவுக்கு ஐம்பது வயதுக்கு மேலே இருக்கும். குரல் தெருவின் இந்த முனையில் கிளம்பினால் அந்த முனையில் போய்த்தான் நிற்கும். அவளுடைய வீட்டுக்காரரோ நேர் எதிர். நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். தெருவில் அவருக்கு ஜிப்பு என்று பேர் வைத்திருந்தார்கள், அவருக்கும் அது தெரியும், அதைப் பற்றியும் அவர் ஒன்றும் சொன்னதில்லை.

அப்படிப்பட்டவர் அந்த வியாழக்கிழமை வாயைத் திறந்து ஒரே ஒரு வார்த்தை சொன்னார். வீட்டில் பூகம்பம் வருவதற்கு அது போதுமாக இருந்தது.

போனில் ஆர்டர் எடுத்து வீட்டுக்கே சாமான் அனுப்புகிற ஒரு கம்பெனியிலிருந்து ஆள் வந்திருந்தார். பார்சல்காரர். குனிந்து வந்து, நிமிரும்போது ஷட்டரில் தலையை இடித்துக்கொண்டு, தடவியபடியே பேசினார்.

"இடம் சொந்தம்தானே சார்? எங்களுக்கு கொடவுன் வேணும். பின்பக்கம் வேன் வரும், பார்சலை இறக்குவோம், எடுத்துட்டுப் போவோம். முன்பக்கத்தைத் திறக்கவே மாட்டோம். உங்களுக்கு ஒரு தொந்தரவும் இல்ல. மாசம் பிறந்தா வாடகை வீடு தேடி வரும்."

"சரி," என்றார் வீட்டுக்காரர்.

அக்கா நூல்கண்டு அடுக்கிக்கொண்டிருந்தவள் திரும்பினாள். "என்ன சரி?"

"திங்கட்கிழமை வந்து சாவி வாங்கிக்கிறேன் சார்," என்று சொல்லிவிட்டு, அந்தக் குரலைக் கேட்ட அவசரத்தில் பார்சல்காரர் மறுபடியும் தலையை இடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தார்.

ராத்திரி வீட்டில் சோறும் பருப்பும் அவித்த முட்டையும். மகனுக்கு வெளியூரில் வேலை, மாதம் ஒருமுறை வருவான். மருமகள் மாலில் ஒரு துணிக்கடையில் ஆல்டரேஷன் பிரிவில் இருந்தாள். பகல் முழுக்க நின்று வேலை செய்கிற பெண், வந்ததும் வெந்நீரில் காலை விட்டுக்கொண்டுதான் சாப்பிட உட்காருவாள். அக்கா அதற்கு ஒருநாளும் முகம் சுளித்ததில்லை, வெந்நீர் போடுவதே அவள்தான்.

"ஏங்க, என்னை ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணலையா?" அக்கா தட்டை நகர்த்தி வைத்தாள். "கடையைக் குடுத்துட்டு வீட்டுல உட்கார்ந்து என்ன பண்ணப் போறோம்?"

"உட்காரலாம்," என்றார் அவர்.

"அதான் கேக்கறேன், உட்கார்ந்து? நீங்க என் மூஞ்சியைப் பார்ப்பீங்க, நான் உங்க மூஞ்சியைப் பார்ப்பேன். ரெண்டு நாள்ல யாராவது ஒருத்தர் ஊரை விட்டு ஓடிருவோம்."

மருமகள் சிரிப்பை அடக்கிக்கொண்டு முட்டையை உரித்தாள். அப்புறம் எதையோ நினைத்துக்கொண்டவளாக, "அத்தை, இன்னிக்கு ஒரு விஷயம். ஒரு அம்மா கோட்டு எடுத்துட்டு வந்தாங்க. முன்பக்கம் ஒரு பட்டன் போயிருச்சு. அதே மாதிரி வேணுமாம். எங்ககிட்ட ஏது? பழைய கடைத்தெருவுக்குப் போங்க, எங்க அத்தை கண்ணை மூடிட்டு எடுத்துக் குடுப்பாங்கன்னு சொன்னேன்."

"சொல்லணும்ல. வரலையே?"

"அந்தத் தெருவைத்தான் மூடிட்டாங்களேன்னு சொல்றாங்க."

அக்கா நகர்த்திய தட்டை இன்னும் தள்ளிவிட்டாள். "எவ அவ? காலையிலேருந்து பொழுது சாயற வரைக்கும் நான் உள்ளதான உட்கார்ந்திருக்கேன்?"

"நானும் அதைத்தான் சொன்னேன். முனையில பஸ் நிக்கறப்ப தினமும் பார்க்கறாங்களாம். எல்லா ஷட்டரும் இறங்கித்தான் கிடக்குன்றாங்க. இவங்க ஒருத்தங்க மட்டும் இல்ல அத்தை. எங்க கடைக்கு வர்றவங்க நிறைய பேர் அப்படித்தான் நினைச்சுட்டிருக்காங்க. எனக்கு மட்டும் என்ன தெரியும்? நான் போறப்ப நீங்க திறக்கலை, வர்றப்ப சாத்திடுறீங்க."

"அதான் நானும் சொல்றேன்," என்றார் வீட்டுக்காரர். "தெரு முடிஞ்சுபோச்சு." அன்றைய கணக்குக்கு அவர் அதிகமாகவே பேசிவிட்டார். எழுந்து கை கழுவப் போனார்.

மறுநாள் காலை அக்கா கடையைத் திறந்து அவரை உள்ளே உட்காரவைத்துவிட்டு, டீக்கடையில் ஒரு டீ வாங்கிக்கொண்டு எதிர்ப்பக்கப் பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். பெஞ்சு போட்டதிலிருந்து அந்தத் தெருக்காரர்கள் ஒருத்தரும் அதில் உட்கார்ந்தது கிடையாது. அது வாங்க வருகிறவர்களுக்குப் போட்டது, நாம் உட்கார்ந்தால் நன்றாகவா இருக்கும் என்று ஒரு கூச்சம். வருகிறவர்கள் இல்லாததால் பெஞ்சு புதுசாகவே இருந்தது.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். மாநகராட்சி கொடுத்த பச்சை போர்டு, அதில் வெள்ளை எழுத்து. அதற்குக் கீழே சாம்பல் நிற ஷட்டர். அதற்குக் கீழே ஒரே இருட்டு. அந்த இருட்டில் ஒரு ஸ்டூலின் கால்கள், அதோடு அவள் வீட்டுக்காரரின் இரண்டு கால்கள். இடுப்புக்கு மேலே மனுஷனைக் காணோம். பக்கத்தில் செருப்புக்கடை, அடுத்து பல்புக்கடை, அதற்கடுத்து மூக்குக்கண்ணாடிக் கடை, எல்லாம் அதே கதைதான். தெருவே அரைத் தூக்கத்தில் கிடந்தது.

'நானா இருந்தாலும் திரும்பிப் போயிருப்பேன்' என்று நினைத்தாள். மால் வந்ததைத் திட்டியது, காலத்தைத் திட்டியது, எல்லாம் நினைவுக்கு வந்தது. வெட்கமாக இருந்தது, கோபமாகவும் இருந்தது. ஆனால் அதற்கெல்லாம் மேலே ஒரு சந்தோஷம் எட்டிப் பார்த்தது. தெருவுக்கு வந்திருப்பது சாவு இல்லை. வெறும் முட்டாள்தனம். முட்டாள்தனத்துக்கு வைத்தியம் உண்டு.

டம்ளரைப் பெஞ்சிலேயே வைத்துவிட்டு வந்து ஷட்டரை இரண்டு கையாலும் மேலே தள்ளினாள். அது நகரவில்லை. தோளைக் கொடுத்தாள். பக்கத்துச் சட்டத்திலிருந்து மாவு கொட்டியதே தவிர ஷட்டர் அசையவில்லை.

"விடு. தூசி வரும்," என்றார் உள்ளேயிருந்து.

"தூசி எங்கேயிருந்து வரும்? மெஷின் போய் எத்தனை மாசம் ஆச்சு?"

"விடுன்றேன்ல."

அந்தக் குரலில் இருந்த என்னவோ ஒன்று அவளை நிறுத்தியது. குனிந்து உள்ளே போனாள். அவர் அவளைப் பார்க்காமல் எலாஸ்டிக் சுருளைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

"திறந்து வெச்சு என்ன பண்ணப் போற?" என்றார். "உள்ள ஒரு ஆளும் இல்லைன்னு ஊருக்குக் காட்டவா? போறவன் வர்றவன் எட்டிப் பார்ப்பான். நான் ஒருத்தன் சும்மா உட்கார்ந்திருப்பேன். பாவம்னுட்டுப் போவான். இது பாதி இறங்கியிருந்தா அந்தக் கஷ்டம் இல்ல. நான் இருக்கறது யாருக்கும் தெரியாது. இருட்டுல நிம்மதியா இருக்கேன், அதையும் ஏன் கெடுக்கற?"

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி அவள் கேட்டதில்லை. கோபமெல்லாம் எங்கேயோ போய்விட்டது. பக்கத்திலேயே உட்கார்ந்து பக்கத்திலேயே சாப்பிட்டு, இந்த மனுஷன் இப்படிக் கூனிக்குறுகி உட்கார்ந்திருப்பதைக் கவனிக்காமல் இருந்துவிட்டோமே என்று வேதனையாக இருந்தது. அவர் பக்கத்தில் இருந்த மூட்டையின் மேல் உட்கார்ந்தாள்.

"இங்க பாருங்க," என்றாள். அவளுக்கே புதிதாக இருந்த ஒரு சன்னக் குரலில். "ஆளே வரலைன்னா வெக்கப்படலாம். வந்தவங்களை நாமதான திருப்பி அனுப்பியிருக்கோம்? திங்கட்கிழமை வரைக்கும் என்னை விடுங்க. அன்னிக்கும் இதே மாதிரி இருந்தா சாவியை நானே அந்தாளு கையில குடுக்கறேன். குடுத்துட்டு உங்க மூஞ்சியைப் பார்த்துட்டு உட்கார்றேன்."

அவர் எலாஸ்டிக்கைச் சுற்றி முடித்தார். "திங்கட்கிழமை," என்றார்.

அவள் ஒருத்தி ஷட்டரைத் தூக்கினால் தெரு எழுந்துவிடுமா? பஸ்ஸிலிருந்து பார்க்கிறவர்களுக்கு ஒரு கடையா தெரியும்? நேராகச் சங்கத் தலைவரான பல்புக்கடைக்காரரிடம் போனாள்.

"தீர்மானம் போட்டுல்லக்கா இறக்கினோம்," என்று அவர் தலையைச் சொறிந்தார். "ஏத்தணும்னா முறைப்படி கூட்டம் போடணும்."

"போட்டுட்டாப் போச்சு. வாங்க, பெஞ்சுல உட்காருங்க. நான் டீ சொல்றேன்."

"பெஞ்சுலயா? அது வந்து..."

"உட்காருங்கண்ணே. உட்கார்றதுக்குத்தான் போட்டிருக்கான்."

பல்புக்காரர் உட்கார்ந்தார், கண்ணாடிக்கடைக்காரம்மா உட்கார்ந்தாள். செருப்புக்கடைக்காரர் மட்டும் ஆளும் பெரிசு, பிடிவாதமும் பெரிசு. கடையை விட்டு வரமாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றவரை அக்கா சட்டைக்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். அவர் உட்கார்ந்ததும் பெஞ்சு ஒருமுறை முனகியது. நெற்றியில் கையை வைத்து எதிரே பார்த்தார்.

"என் கடை எங்கக்கா?"

"அதோ, உங்க போர்டுக்குக் கீழ."

"அதுவா? அது மூடியில்ல கிடக்கு?"

"மூடலை. உங்க வீட்டம்மா உள்ளதான் இருக்கு."

செருப்புக்காரர் கழுத்தை எக்கி எக்கிப் பார்த்தார். "மேல் தட்டுல புது மாடல் பூரா அடுக்கி வெச்சிருக்கேன்," என்றார் கடைசியில். "எவனும் பார்க்கலையேன்னு மனசு விட்டுப்போயிருந்தேன். ஒண்ணுகூட இங்கேயிருந்து தெரியலையே."

"ஊருக்கெல்லாம் கண்ணாடி விக்கிறேன்," என்றாள் கண்ணாடிக்கடைக்காரம்மா, டீயை ஊதியபடி. "எனக்கு இது கண்ணுல படலை பாருங்க. இதை வெளியில சொல்லிடாதீங்க, இருக்கற ஒண்ணு ரெண்டு பேரும் வரமாட்டாங்க."

எல்லாரும் சிரித்துவிட்டார்கள். பல்புக்காரர் மட்டும் தலைவர் என்ற முறையில் கடைசியாக ஒரு முறை முறுக்கிக்கொண்டார். "சரி, ஏத்தறோம்னே வெச்சுக்குங்க. பகல்ல எல்லாரும் வேலைக்குப் போயிடறாங்க, நாம ஏழு மணிக்குச் சாத்திடறோம், யாருக்குக் காட்டறது?"

"என் மருமக வர்ற பஸ்ஸு ஏழு மணிக்கு மேலதான் முனைக்கு வருது. அந்த பஸ்ஸு நிறைய ஆளுங்க வேலை முடிஞ்சு வர்றாங்க. அவங்க வீட்டுல பல்பு போகாதா? செருப்பு அறுந்துபோகாதா? நாம சாத்திட்டுப் போனப்புறம் வர்றவங்க எங்க போய் வாங்குவாங்க சொல்லுங்க. ஒன்பது வரைக்கும் திறந்து வெப்போம். ரெண்டே நாள். பிடிக்கலைன்னா மறுபடி இறக்கிட்டு இருட்டுல போய் உட்காருங்க, நான் கேக்க மாட்டேன்."

"தீர்மானம் நிறைவேறிடுச்சு. கூட்டம் கலையலாம்," என்றார் பல்புக்காரர்.

ஷட்டர் மெக்கானிக் அன்று மத்தியானமே ஏணியும் கிரீஸ் டப்பாவுமாக வந்து சேர்ந்தார். முதல் கடையில் மேலே இருந்த ஸ்பிரிங் பெட்டியைக் கழற்றியதும் குவியலாகக் கல்மாவு அவர் தலையில் இறங்கியது. ஆள் ஒரே நிமிஷத்தில் கிழவராகிவிட்டார். இருபக்கச் சட்டத்திலும் கம்பியை விட்டுக் குடைந்து, மண்ணெண்ணெய் விட்டுக் கழுவி, கிரீஸ் தடவி, ஒவ்வொரு கடையாக நகர்ந்தார். தூக்கும்போதெல்லாம் தெருவே காதைப் பொத்திக்கொண்டது.

பொத்தானக்காவின் கடைக்கு வந்தபோது ஏணி கல்லின் மேல் ஒருபக்கமாக ஆடியது. உள்ளே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்த வீட்டுக்காரர் எழுந்து வந்தார். ஒன்றும் சொல்லாமல் ஏணியைப் பிடித்துக்கொண்டார். ஷட்டர் கதறிக்கொண்டே மேலே போய் உருளைக்குள் சுருண்டது. வெளிச்சம் தடதடவென்று உள்ளே வந்தது. அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, ஏணியை விட்டுவிட்டு, பின்னறைக்குப் போய்விட்டார்.

வெளிச்சம் வந்ததும் கடையின் லட்சணம் தெரிந்தது. பெட்டிகளின் மேல் மாவு விரல் வைத்தால் பதிகிற அளவுக்கு இருந்தது. வெள்ளை லேஸ் வெள்ளையாக இல்லை. கருநீலப் பொத்தான்களைக் கறுப்புப் பெட்டியில் கலந்து போட்டிருந்தார்கள். ஆள் வந்தால் மட்டும் போடுகிற டியூப்லைட்டை நம்பி இத்தனை நாள் கறுப்பு என்று எத்தனை பேருக்கு நீலத்தைக் கொடுத்தோமோ என்று அக்கா தலையில் கையை வைத்துக்கொண்டாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு துடைக்க ஆரம்பித்தாள்.

சனிக்கிழமை பகலில் வந்தவர்கள் வாங்க வந்தவர்கள் இல்லை, விசாரிக்க வந்தவர்கள். "திரும்பத் திறந்துட்டீங்களாம்மா?" என்று எட்டிப் பார்த்தார்கள். "மூடவே இல்லைங்க," என்று சொல்லிச் சொல்லி அக்காவின் தொண்டையே கட்டிப்போனது. பொழுது சாய்ந்தும் தெரு முழுக்க விளக்கு எரிந்தது. பஸ் வந்து நின்றது. இறங்கியவர்கள் வழக்கம்போல மெயின் ரோட்டோடு போகக் கிளம்பியவர்கள், கொஞ்சம் நின்றார்கள். சிலபேர் உள்ளே திரும்பினார்கள். ஒருத்தர் பல்பு வாங்கினார், ஒருத்தி ஷூவுக்குக் கயிறு வாங்கினாள், ஒரு குடும்பம் பெஞ்சில் உட்கார்ந்து பன் சாப்பிட்டுவிட்டு ஒன்றும் வாங்காமல் போனது. மருமகள் அவர்களோடு நடந்து வந்தாள்.

"அத்தை, இனி நான் தெரு வழியாவே வர்றேன். அந்தப் பக்கம் சுத்திப் போறது எவ்வளவு தூரம் தெரியுமா?"

"வா. வந்து கல்லாவுல உட்காரு. எனக்குக் கால் கடுக்குது," என்றாள் அக்கா. முகத்தில் கடுப்பு எதுவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை இன்னும் கொஞ்சம் கூடுதல். ஆனால் கடை சாத்துகிற நேரத்தில் அவள் திரும்பிப் பார்த்தாள். வீட்டுக்காரர் ஒரு சாக்கு மூட்டையை வைத்துக்கொண்டு மேல் வரிசைப் பெட்டிகளை ஒவ்வொன்றாக இறக்கி உள்ளே அடுக்கிக்கொண்டிருந்தார். சுவரில் பல் விழுந்த மாதிரி இடைவெளி.

"என்னங்க இது?"

"நாளைக்கு திங்கட்கிழமை," என்றார். "கடைசி நேரத்துல அள்ளிப் போட்டா எல்லாம் கலந்துபோகும்."

திங்கட்கிழமை வரைக்கும் என்று கேட்டது அவள்தானே. இரண்டு நாளில் வந்த கூட்டம் ஒரு கடையைக் காப்பாற்றுகிற கூட்டம் இல்லை என்று அவளுக்கும் தெரியும். ஆனால் அது போகிற கூட்டமா வருகிற கூட்டமா என்று பார்க்கத் தெரிந்தவள் அவள். இது வருகிற கூட்டம். இதை இந்த மனுஷனுக்கு எப்படிப் புரியவைப்பது என்றுதான் தெரியவில்லை.

திங்கட்கிழமை முற்பகலில் ஒரு தையல்காரர் உதவியாளோடு வந்து லைனிங், ஜிப் என்று பெரிய ஆர்டராகச் சொல்லிக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடச் சீருடைக்குப் பொத்தான் கேட்டு இரண்டு பெண்கள் நின்றார்கள். அந்த நேரம் பார்த்துக் கையில் கோட்டோடு ஒரு அம்மா உள்ளே வந்தார்.

"மால்ல உங்க மருமகப் பொண்ணு திட்டி அனுப்புச்சு," என்றார். "நேத்துப் போயிருந்தேன். கடை திறந்திருக்குன்னு சத்தியம் பண்ணாத குறை."

கோட்டின் பொத்தான் தேன் நிறம், ஓரத்தில் புகை படிந்த மாதிரி ஒரு பழுப்பு. அக்கா கண்ணை மூடிக்கொண்டே மேல் வரிசைக்குக் கையை நீட்டினாள். அங்கே பெட்டி இல்லை, இடைவெளிதான் இருந்தது.

"ஏங்க," என்று குரல் கொடுத்தாள், "அந்தத் தேன் கலரை எங்க வெச்சீங்க?"

வீட்டுக்காரர் சாக்கு மூட்டையை இழுத்துக்கொண்டே பின்னறையிலிருந்து வந்தார். கோட்டைக் கையில் வாங்கினார். துணியைத் தடவினார், மிச்சமிருந்த பொத்தானைத் திருப்பிப் பார்த்தார். பிறகு மூட்டைக்குள் கையைவிட்டு ஒரு பெட்டி, இன்னொரு பெட்டி, மூன்றாவதாக ஒன்று என்று எடுத்துக்கொண்டு, கோட்டோடு கடையின் வாசலுக்கே போய்விட்டார். அங்கே வெயில் நேராக விழுந்தது. ஒரு பொத்தானை வைத்தார், உதட்டைப் பிதுக்கினார். அடுத்ததை வைத்தார். அந்த அம்மா பக்கத்தில் நின்று பார்த்தார். தெருவில் போன இரண்டு பேர் என்ன நடக்கிறதென்று நின்றார்கள். அவர் தலையைத் தூக்கி அவர்களைப் பார்த்தார். மறுபடி குனிந்து பெட்டிக்குள் விரலை விட்டார். கடைக்குள்ளே திரும்பிப் போகவில்லை.

அப்போது வந்தார் பார்சல்காரர். வாசலில் நின்று, சுருண்டு கிடந்த ஷட்டரை அண்ணாந்து பார்த்தார்.

"சார், சாவி வாங்கிட்டுப் போலாம்னு வந்தேன்."

பொத்தானக்கா தையல்காரருக்கு ஜிப் எண்ணிக்கொண்டிருந்தவள் எண்ணிக்கை தவறி நின்றாள்.

"இல்லைங்க," என்றார் வீட்டுக்காரர்.

"சாவி இல்லையா சார்?"

"கடை குடுக்கறதா இல்ல."

"என்ன சார், அன்னிக்கு சரின்னு சொன்னீங்களே?"

"சொன்னேன்," என்றார் அவர், பொத்தானிலிருந்து கண்ணை எடுக்காமல். "இப்பக் கொஞ்சம் தள்ளி நில்லுங்க. வெளிச்சத்தை மறைக்கறீங்க."

பார்சல்காரர் நகர்ந்தார். வெயில் மறுபடி கோட்டின் மேல் விழுந்தது. அந்த அம்மா குனிந்து இரண்டு பொத்தானையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். எது பழசு, எது புதுசு என்று அவருக்குத் தெரியவில்லை.